ராக் பேண்ட் கிட்டாரிஸ்ட் எப்படி 'தேர் வில் பி ப்ளட்' மாதிரி ஒரு படத்துக்கு மியூசிக் போட்டாரு?

வெயில்கால_கிட்டார்:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி தான் 'தேர் வில் பி ப்ளட்' பாத்து முடிச்சேன். 2007ல வந்த படம், பால் தாமஸ் ஆண்டர்சன் டைரக்‌ஷன். டேனியல் டே லூயிஸ் நடிப்பைப் பத்தி ஊரே பேசி முடிச்சிருச்சு, அதனால அதை விட்டுடறேன், நான் கேக்க வந்தது மியூசிக் பத்தி மட்டும்தான்.

முதல் கால் மணி நேரத்துல வசனம்னு பெருசா ஒண்ணுமே கிடையாது. 1898ம் வருஷம், ஒரு ஆளு தனியா குழிக்குள்ள இறங்கி வெள்ளி தோண்டிட்டு இருக்கான், விழுந்து கால ஒடச்சிக்கிறான், அப்படியே தரையோட தரையா தேய்ச்சுக்கிட்டே போறான். அந்த மலையைக் காட்டும்போது வயலின் எல்லாம் ஒண்ணா சேந்து ஊளையிட்டுக்கிட்டே ஏறுது பாருங்க, திரைல பயப்பட ஒண்ணுமே இல்ல, வெயில்ல காஞ்ச மலை மட்டும்தான் இருக்கு, ஆனா எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு, இந்த ஆளால பெருசா ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு அப்பவே தோணிருச்சு. கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

டைட்டில்ல பேரைத் தேடிப் பாத்தா ஜானி க்ரீன்வுட். ரேடியோஹெட்ங்கிற ராக் பேண்ட்ல கிட்டார் வாசிக்கிறாரே, 'க்ரீப்' பாட்டுல கோரஸ் வர்றதுக்கு முன்னாடி கிட்டாரைப் போட்டு 'க்ரக் க்ரக்'னு அறைவாரே, அவரேதான். ஒரு ராக் கிட்டாரிஸ்டுக்கு இந்த மாதிரி ஆர்க்கெஸ்ட்ரா எழுத எப்படி வந்துச்சு? படத்தை ஓட விட்டுப் பாத்துப் பாத்து எழுதினாரா? அப்புறம் இந்த மியூசிக் ஆஸ்கார் நாமினேஷன் லிஸ்ட்லயே இல்லையே, அது ஏன்?

கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. நான் வீக்எண்ட்ல ஒரு பேண்ட்ல கிட்டார் வாசிக்கிறேன். என் ஃப்ரெண்ட் ஒரு குறும்படம் எடுத்திருக்கான், சொத்துக்காக அண்ணன் தம்பி அடிச்சுக்கிற கதை, ரொம்ப இருட்டா போகும். நீதான் மியூசிக்னு சொல்லிட்டான். எனக்கு நோட்டேஷன், அதான் பேப்பர்ல எழுதின இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாது, கையில இருக்கிறது ஒரு கிட்டார், ஒரு லேப்டாப், ஒரு மைக். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செலோ_ராத்திரி:

தம்பி, உங்க கேள்விலயே பாதி பதில் இருக்கு, அந்த 'க்ரக்' சத்தத்தை ஞாபகம் வெச்சிருக்கீங்களே அதான். அந்த மனுஷனுக்கு ஆரம்பத்துலேருந்தே சுரத்தை விட சத்தத்து மேலதான் கண்ணு. கிட்டார்லேருந்து என்னென்ன சத்தம் வரும், அதை எப்படிக் கெடுத்தா என்ன ஆகும்னு பாக்குற ஆளு. அதே கண்ணோட வயலின் கூட்டத்தைப் பாத்திருக்காரு, அவ்வளவுதான் விஷயம்னு நான் நினைக்கிறேன்.

ஆனா சும்மா வந்துடல. சின்ன வயசுல வயோலா (வயலினை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும்) படிச்சவரு, ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவுல உக்காந்து வாசிச்சவரு, பேண்ட்ல அஞ்சு பேர்ல அவரு ஒருத்தருக்குத்தான் முறையான க்ளாசிக்கல் படிப்பு உண்டு. காலேஜ்ல மியூசிக் படிக்கச் சேந்தாரு, ரெக்கார்ட் கான்ட்ராக்ட் வந்ததும் பாதில விட்டுட்டுப் போயிட்டாரு. 2000ல வந்த 'கிட் ஏ' ஆல்பத்துல 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' கேட்டுப் பாருங்க, அதுல ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின், செலோ மாதிரி கம்பி வாத்தியங்களுக்கு, எழுதினது அவருதான். பின்னாடி மெதுவா வழுக்கி வழுக்கிப் போற வயலின், கூடவே ஒண்டே மார்ட்டினோன்னு ஒரு பழைய எலெக்ட்ரிக் வாத்தியம், 1928ல மோரிஸ் மார்ட்டினோங்கிற ஃப்ரெஞ்சுக்காரரு கண்டுபுடிச்சது, விரல்ல ஒரு மோதிரத்தை மாட்டி கம்பியோட இழுத்து வாசிக்கணும். ரேடியோஹெட்ல அந்த வாத்தியத்தைக் கொண்டு வந்து வாசிச்சது இவருதான். அந்தப் பாட்டைக் கேட்டீங்கன்னா ஏழு வருஷம் கழிச்சு வர்ற படத்தோட வாசனை அதுலயே அடிக்கும்.

இப்ப நீங்க கேட்ட அந்த மலை சீனுக்கு வர்றேன். அது வர்ற வழி போலந்து. கிஷிஷ்டாஃப் பென்டெரெட்ஸ்கின்னு ஒரு கம்போஸர், 1960 வாக்குல அம்பத்திரண்டு ஸ்ட்ரிங் வாத்தியத்துக்கு ஒரு பீஸ் எழுதினாரு, அப்புறம் அதுக்கு ஹிரோஷிமாவுல செத்தவங்களுக்கான 'த்ரெனடி', அதாவது ஒப்பாரின்னு பேர் வெச்சாரு. அதுல யாரும் ஒரே மெலடியை வாசிக்கிறது கிடையாது. ஆளுக்கு ஒரு சுரம், பக்கத்துப் பக்கத்து சுரம், ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கூட பங்கு போட்டு நெருக்கமா அடுக்கி ஒரே நேரத்துல வாசிப்பாங்க. அதோட ஸ்கோர் பேப்பரைப் பாத்தீங்கன்னா புள்ளி புள்ளியா நோட்டு இருக்காது, பல இடத்துல கறுப்பா பட்டையா கோடு இழுத்திருக்கும், கீழ இத்தனை செகண்டுன்னு போட்டிருக்கும். அந்தப் பட்டை அகலமாச்சுன்னா சத்தம் விரியுது, ஒல்லியாச்சுன்னா ஒரே சுரத்துல வந்து சேருது. நோட்டேஷன் தெரியாதுன்னு சொன்னீங்களே, அந்தப் பக்கத்தைக் கண்டிப்பா ஒரு தடவை பாருங்க, கூகுள்ல போட்டா வரும்.

க்ரீன்வுட் இதைக் கேட்டு மயங்கிப் போனவரு. 2004ல பிபிசி அவரை கம்போஸரா கூப்பிட்டு உக்கார வெச்சப்ப 'பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்'னு ஒரு பீஸ் எழுதினாரு. ரேடியோல ஸ்டேஷன் கிடைக்காம இருக்கும்போது 'உஷ்ஷ்'னு வரும்ல இரைச்சல், அந்த இரைச்சலை முழுக்க முழுக்க ஸ்ட்ரிங்ஸ்லயே கட்டிப் பாக்குறது தான் ஐடியா. படத்துல நீங்க கேட்டு வயித்தைப் பிசைஞ்சதுல ஒரு பகுதி அதுலேருந்து எடுத்ததுதான். எல்லா வயலினும் வேற வேற இடத்துல ஆரம்பிச்சு வழுக்கிக்கிட்டே போயி ஒரே சுரத்துல விழும், அந்த இடத்துல ஒரு அமைதி வரும் பாருங்க, அதான் அதை விட பயம்.

இன்னொண்ணு சொல்லணும். பின்னாடி 2012ல பென்டெரெட்ஸ்கியும் இவரும் சேந்து ஒரே ஆல்பமா போட்டாங்க, அவரோட 'த்ரெனடி'யும் இவரோட 'பாப்கார்ன்'னும் பக்கத்துல பக்கத்துல. ஒரு ராக் கிட்டாரிஸ்டை அந்தப் பெரியவரு சமமா உக்கார வெச்சாரு. எனக்கு அது எந்த அவார்டையும் விடப் பெருசு.

டைட்டில்_கார்டு:

ஆஸ்கார் கேள்விக்கு நான் பதில் சொல்றேன் ப்ரோ. நாமினேஷன் கிடைக்காம போகல, போட்டிக்கே எடுத்துக்கல. ஆஸ்கார் குடுக்கிற அகாடமியோட ரூல் படி ஸ்கோர், அதாவது பின்னணி இசை, அந்தப் படத்துக்குன்னே எழுதினதா இருக்கணும், ஏற்கனவே இருக்கிற மியூசிக் அதிகமா கலந்திருந்தா தள்ளிடுவாங்க. இதுல 'பாப்கார்ன்' ஏற்கனவே 2005ல மேடைல வாசிச்சது, 2003ல 'பாடிசாங்'னு ஒரு டாக்குமென்டரிக்கு அவரு போட்ட ஒரு பீஸும் இருக்கு, அது போக ஆர்வோ பார்ட்ங்கிற கம்போஸரோட 'ஃப்ராட்ரெஸ்' இருக்கு, கடைசில டைட்டில் ஓடும்போது பிராம்ஸ்ங்கிற பழைய க்ளாசிக்கல் கம்போஸரோட வயலின் கான்செர்ட்டோ. ரூலை வெச்சுப் பாத்தா அவங்க செஞ்சது சரிதான். புதுசா உக்காந்து ஒரு படத்துக்காக மாசக்கணக்கா எழுதுறவனுக்கும் ஏற்கனவே எழுதினதை எடுத்து ஒட்டுறதுக்கும் ஒரு வித்தியாசம் வேணும்ல. அந்த வருஷம் 'அடோன்மென்ட்' ஜெயிச்சுது, டைப்ரைட்டர் சத்தத்தையே தாளமா வெச்சு மரியானெல்லி போட்டது, அதுவும் லேசுப்பட்ட வேலை இல்ல.

பெர்லின் திரைப்பட விழாவுல இதே க்ரீன்வுட்டுக்கு இதே படத்து மியூசிக்குக்காக வெள்ளிக் கரடி விருது குடுத்தாங்க 2008ல. ஆஸ்கார் நாமினேஷன் அப்புறமா 'ஃபேண்டம் த்ரெட்', 'தி பவர் ஆஃப் தி டாக்' ரெண்டுக்கும் வந்துச்சு.

நடுநிசி_ஷோ:

@டைட்டில்_கார்டு ரூல் படி சரின்னு சொல்றீங்க, ஒத்துக்கிறேன், ஆனா ஒட்டுறதுன்னு சொல்றீங்க பாருங்க அங்கதான் எனக்கு ஒத்துவரல.

நீங்க சொன்ன அந்த 'பாடிசாங்' பீஸ் எந்த இடத்துல வருதுன்னு பாருங்க. எண்ணெய்க் கிணறுல கேஸ் வெடிச்சு மேல உக்காந்திருக்கிற பையன் தூக்கி வீசப்படுறான், காது போயிருது. அப்பன், அதான் ஆரம்பத்துல வெள்ளி தோண்டின அதே ஆளு, ஓடிப்போய் அள்ளித் தூக்கிட்டு வர்றான், பையன் போகாதீங்கன்னு புடிச்சு இழுக்கிறான், இவன் விட்டுட்டு மறுபடி கிணத்துக்கே ஓடுறான். அங்க தீ புடிச்சு எரியுது, ராத்திரி முழுக்க வானம் செக்கச்செவேல்னு இருக்கு. இவ்ளோ நேரமும் அடியில ஓடிட்டு இருக்கிறது தாளம் தான். கட்டை மேல தட்டுற மாதிரி டக் டக்னு பல தாளம், ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம போகுது, மெல்ல மெல்ல ஒண்ணை ஒண்ணு புடிச்சுட்டு வருது. சோகமான வயலின் ஒண்ணு கூட இல்ல அங்க. ஒரு குழந்தைக்குக் காது போயிருச்சு, ஆனா மியூசிக் அந்தக் குழந்தை பக்கம் நிக்கவே இல்ல, அப்பன் மண்டைக்குள்ள ஓடுற கணக்கு பக்கம் நிக்குது. கீழ கடல் மாதிரி எண்ணெய் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. பையன் எப்படி இருக்கான்னு கூட இருக்கிறவரு கேக்க, நல்லா இல்லன்னு சொல்லிட்டு அங்கயே உக்காந்து நெருப்பைப் பாத்துக்கிட்டு இருக்கான், மூஞ்செல்லாம் எண்ணெய்.

மனுஷன் பொறந்து வாழ்ந்து சாகுறதைப் பத்தின ஒரு டாக்குமென்டரிக்குப் போட்ட பீஸை எடுத்து இந்த இடத்துல வெச்சது சும்மா ஒட்டுறது இல்ல ப்ரோ. எங்க எதை வைக்கணும்னு தெரியறதுலயும் பாதி மியூசிக் இருக்கு. அந்த சீனுக்குன்னே யாராவது புதுசா எழுதியிருந்தா கண்டிப்பா பையனுக்காக அழுதிருப்பாங்க.

வெயில்கால_கிட்டார்:

ஐயோ அந்த சீன்! மியூசிக் பையன் பக்கம் நிக்கலன்னு நீங்க சொன்னப்புறம் தான் எனக்கு ஏன் அவ்ளோ கோபம் வந்துச்சுன்னே புரியுது.

அப்ப படத்தைப் பாத்து எழுதினது இல்ல, தனியா எழுதினதை டைரக்டர் எடுத்து வெச்சுக்கிட்டாருன்னு எடுத்துக்கலாமா? ஏன்னா இங்க என் ஃப்ரெண்ட் ஏற்கனவே ஏதோ ஒரு ஹாலிவுட் படத்து மியூசிக்கை டெம்ப் ட்ராக்கா, அதான் தற்காலிகமா, போட்டு எடிட் பண்ணி வெச்சிருக்கான், அதே மாதிரி வேணும்ங்கிறான். அது நூறு பேரு வாசிச்ச ஆர்க்கெஸ்ட்ரா. நான் என்ன பண்றது.

செலோ_ராத்திரி:

முழுசா அப்படி இல்ல தம்பி, படத்துக்குன்னு எழுதினதும் நிறைய இருக்கு. ஆனா இந்த செகண்ட்ல கதவு தெறக்குது, இங்க 'டொய்ங்'னு வரணும்னு அளந்து எழுதின மியூசிக் இல்ல. முழு முழு பீஸா குடுத்திருக்காரு, டைரக்டரு அதை சீனுக்குப் பொருத்திப் பாத்திருக்காரு. அதான் அந்தப் படத்துல மியூசிக் சீனோட கைய புடிச்சிக்கிட்டு போகாம பக்கத்துல தனியா நடக்குற மாதிரி இருக்கு.

டெம்ப் ட்ராக் விஷயத்துல உங்க ஃப்ரெண்ட் கிட்ட உக்காந்து பேசிடுங்க. இல்லன்னா நீங்க என்ன குடுத்தாலும் அவரு காதுல அந்த நூறு பேரு தான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

ரீல்_எண்_ஏழு:

கிட்டாரு ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்டதால வந்தேன். 'டெட் மேன்' பாத்திருக்கீங்களா? 1995, ஜிம் ஜார்முஷ் படம், கறுப்பு வெள்ளை, ஜானி டெப் நடிச்சது. நெஞ்சுல குண்டை வாங்கிட்டு சாகுறதுக்கு முன்னாடி காட்டுக்குள்ள அலைஞ்சுக்கிட்டே இருக்கிற ஒருத்தன் கதை. மியூசிக் நீல் யங். முழுப் படத்தையும் ஸ்க்ரீன்ல ஓட விட்டு பாத்துக்கிட்டே எலெக்ட்ரிக் கிட்டார்ல அந்தந்த நேரத்துல தோணினதை வாசிச்சிருக்காரு. ஊமைப் படத்துக்கு அந்தக் காலத்துல தியேட்டர்ல உக்காந்து பியானோ வாசிப்பாங்கல்ல, அதே முறை. பெரும்பாலான இடத்துல ஒத்தைக் கிட்டார் தான், ஆம்ப்ளிஃபையர் கொதிச்சு உறுமுற சத்தம், ஒரு நோட்டு அடிச்சிட்டு அது செத்துப் போற வரைக்கும் விட்டுருவாரு. நூறு பேரு வேணாம், ஒரு ஆளு ஒரு கிட்டாரு, கேட்டுட்டு வாங்க.

எதிர்ப்பக்கமும் உண்டு. இத்தாலில டாரியோ அர்ஜென்டோ 1977ல 'சஸ்பீரியா' எடுக்கும்போது காப்ளின்ங்கிற ராக் பேண்ட் ஷூட்டிங்குக்கு முன்னாடியே மியூசிக் போட்டுக் குடுத்து, அதை செட்ல சத்தமா ஓட விட்டு நடிக்க வெச்சாங்க. அதுல நம்ம ஊரு தபலா கூட இருக்கு, கூட கிரேக்க புஸூக்கி, மூக் சிந்தசைஸர், நடுவுல யாரோ காதுகிட்ட வந்து மூச்சு விடுற மாதிரி முணுமுணுப்பு. குழந்தைங்க பொம்மைப் பெட்டில வர்ற மாதிரி ஒரு சின்ன ட்யூன் தான், அதையே திருப்பித் திருப்பி விட்டு நடுங்க வெச்சிருப்பாங்க. ஆக, பாத்துட்டு வாசிக்கலாம், எடுக்கிறதுக்கு முன்னாடியே வாசிக்கலாம், எழுதிக் குடுத்துட்டு டைரக்டர் கைல விட்டுடலாம், மூணுமே வேலை செஞ்சிருக்கு.

டைட்டில்_கார்டு:

நைன் இன்ச் நெயில்ஸ்ங்கிற ராக் பேண்டோட ட்ரென்ட் ரெஸ்னரை யாரும் சொல்லலையே. அவரு மியூசிக் போட்ட படங்கள்லேருந்து ரெண்டு விஷயம் கேள்வி கேட்டவருக்கு நேரா உதவும். 'தி சோஷியல் நெட்வொர்க்'ல ஒரு சின்ன பியானோ தீம் மூணு தடவை வரும், அதே ட்யூன் தான், ஆனா ஒவ்வொரு தடவையும் மைக்கை பியானோலேருந்து இன்னும் தள்ளித் தள்ளி வெச்சு ரெக்கார்ட் பண்ணிருப்பாங்க. ஹீரோ தனியாகத் தனியாக பியானோவும் ரூமுக்குள்ள தூரமா போயிடும். ஒரே மைக் இருந்தா போதும் ப்ரோ இதுக்கு.

ரெண்டாவது 'கான் கேர்ள்', 2014. டைரக்டர் டேவிட் ஃபின்ச்சர் முதுகு வலிக்குக் காமிக்கப் போன இடத்துல மெல்லிசா மனசை அமைதிப்படுத்துற மியூசிக் போட்டிருக்காங்க, எல்லாம் சரியாயிடும்னு பொய் சொல்ற மாதிரி ஒரு மியூசிக், அது மாதிரி ஆரம்பிச்சு கெட்டுப் போகணும்னு கேட்டிருக்காரு. படத்துல புருஷன் பொண்டாட்டி சந்தோஷமா இருக்கிற சீன்ல சக்கரை தூவுற மாதிரி ஒரு மியூசிக் வரும்ல, அது எப்ப அழுக ஆரம்பிக்குதுன்னே தெரியாது. படம் இருட்டா இருக்குன்னு மியூசிக்கையும் முதல் நிமிஷத்துலேருந்தே இருட்டாக்கிட்டா அப்புறம் போறதுக்கு இடம் இருக்காது.

@நடுநிசி_ஷோ நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அந்தத் தீ சீனை மறுபடி போட்டுப் பாத்தேன். ரூல் பத்தி நான் சொன்னது சொன்னதுதான், ஆனா அந்தத் தாளம் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு.

செலோ_ராத்திரி:

க்ரீன்வுட் கிட்டேருந்தே உங்களுக்கு எடுத்துக்க ஒண்ணு இருக்கு தம்பி. 2021ல வந்த 'தி பவர் ஆஃப் தி டாக்', ஜேன் காம்பியன் படம், அமெரிக்காவுல மொன்டானா பக்கம் மாட்டுப் பண்ணை, 1925ல நடக்கிற கதை. கோவிட் நேரம், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை ஒரே ரூம்ல உக்கார வைக்க முடியாது. படத்துல வர்ற அண்ணன்காரன் பேஞ்சோ (கிட்டார் மாதிரி ஒரு கம்பி வாத்தியம்) வாசிக்கிறவன், விஷமான ஆளு. க்ரீன்வுட் என்ன பண்ணாரு, செலோவை எடுத்து வில்லைக் கீழ வெச்சிட்டு பேஞ்சோ வாசிக்கிற விரல் முறைல மீட்டினாரு. செலோ வாசிக்கிற எனக்கே முதல்ல கேக்கும்போது இது என்ன வாத்தியம்னு புடிபடல. மேற்கத்திய கௌபாய் படத்து வாசனையும் இருக்கு, ஆனா ஏதோ ஒண்ணு கோணலா இருக்கு, அந்தக் கோணல் தான் அந்தக் கேரக்டரு. தானா வாசிக்கிற பியானோ ஒண்ணையும் கம்ப்யூட்டரோட சேத்து ஓட ஓட ஸ்ருதி கலைஞ்சு போற மாதிரி பண்ணிருப்பாரு.

உங்க கதைல அண்ணன் தம்பி, சொத்துன்னு சொன்னீங்க. அந்த வீட்டுல என்ன சத்தம் இருக்கும்னு முதல்ல யோசிங்க. அப்புறம் கிட்டாரை கிட்டாரா வாசிக்காதீங்க. பழைய வயலின் வில் எங்கயாவது கிடைச்சா கம்பி மேல இழுத்துப் பாருங்க, ரெண்டு கம்பியை ஒரே சுரத்துக்கு வெச்சு ஒண்ணை மட்டும் கொஞ்சமா இறக்கி விட்டு ரெண்டையும் சேத்து மீட்டுங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு ஒரு துடிப்பு வரும். அதையே ஸ்லைடு வெச்சு மெதுவா ஏத்தி எட்டு பத்து ட்ராக்கா லேப்டாப்ல அடுக்குங்க, ஒவ்வொண்ணும் வேற இடத்துல ஆரம்பிச்சு ஒரே சுரத்துல வந்து முடியட்டும். பென்டெரெட்ஸ்கி அம்பத்திரண்டு பேரை வெச்சுப் பண்ணதை நீங்க ஒத்தை ஆளா பண்ணிப் பாக்கலாம், ஸ்கோர் எழுதத் தேவையில்ல, பேப்பர்ல பட்டை வரைஞ்சா போதும்.

நடுநிசி_ஷோ:

ஒரே ஒரு வேண்டுகோள் ப்ரோ, ஃப்ரெண்ட் கிட்டயும் சொல்லுங்க. எந்த சீன்ல மியூசிக்கே வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. 'தேர் வில் பி ப்ளட்'ல அந்தக் கடைசி பவுலிங் ஆலி சீன் ஞாபகம் இருக்கா, அவ்ளோ வெறியாட்டம் நடக்குது, பேச்சு, பந்து, மூச்சு இவ்ளோதான் கேக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் பிராம்ஸ் பாஞ்சு வரும் பாருங்க, கொண்டாட்டமா!

வெயில்கால_கிட்டார்:

எல்லாருக்கும் மனசார நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. செலோ அக்கா சொன்ன மாதிரி ரெண்டு கம்பியை ஒண்ணா வெச்சு ஒண்ணை இறக்கி இப்பதான் வாசிச்சுப் பாத்தேன், பக்கத்து ரூம்லேருந்து அம்மா என்னடா ஆச்சுன்னு எழுந்து வந்துட்டாங்க. ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டாச்சு, டெம்ப் ட்ராக்கை எடுத்துட்டு வெறும் படத்தை மட்டும் அனுப்பச் சொல்லிருக்கேன், முதல் தடவை சத்தமே இல்லாம பாக்கணும். 'டெட் மேன்' இந்த வாரம் பாத்துடறேன். அக்கா, செலோவுக்குப் போட்டுட்டு வேணாம்னு வெச்ச பழைய வில் கிடைச்சா கிட்டார் கம்பில வாசிக்க ரோஸின் (வில்லுல தடவுற பிசின்) எவ்ளோ தடவணும்னு மட்டும் சொல்லுங்க.

செலோ_ராத்திரி:

தாராளமா தடவுங்க, முதல் தடவை போடும்போது வில் முழுக்க நல்லா ஏறணும், இல்லன்னா கம்பி மேல வழுக்கிட்டுப் போகும், சத்தமே வராது. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால கம்பியைத் தொடச்சிடுங்க, இல்லன்னா அந்தப் பொடி அப்படியே புடிச்சிக்கும். கிட்டார்ல கம்பி எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கும், வில் நடுக்கம்பில தனியா படாது, அதனால ரெண்டு ஓரத்துக் கம்பிய மட்டும் நம்புங்க. ரெக்கார்ட் பண்ணதும் இங்க போடுங்க, கேக்கணும்.